மூன்று கிழமைச் சத்தம்

றஹீமாவின் மகள் ஜெஸ்லாவுக்கு ஒவ்வொரு இரண்டரை மாதத்திலும் மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், மட்டும் காது கேட்டது. மற்ற நாட்களில் கேட்கவில்லை. ஏன் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

காதுக் கருவி பழுதென்றால் எப்போதும் பழுதாக இருக்க வேண்டும். பட்டரி தீர்ந்ததென்றால் புது பட்டரி போட்டதும் கேட்க வேண்டும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. கண்டியில் உள்ள கிளினிக்கில் இரண்டரை மாதத்துக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் சட்டைப் பொத்தான் அளவில் ஆறு பட்டரிகள் இருக்கும். முதலாவது பன்னிரண்டு நாள் ஓடும். இரண்டாவது ஆறு நாள். மூன்றாவது மூன்று நாள். நான்காவது ஒரு காலைப்பொழுது. ஐந்தாவதையும் ஆறாவதையும் போட்டால் ஒரு சத்தமும் வராது. அவை இரண்டும் ஒரு நாள்கூடப் பாவிக்காத பட்டரிகள்.

ஒரு தடவை தவணைக்கு முன்னரே கருவியைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு ஓடினார்கள். கிளினிக்கில் இருந்த பெண், "பட்டரி புதுசுதானே?" என்று கேட்டாள். "பாவிக்காத பட்டரி மிஸ், காலையிலதான் போட்ட," என்றாள் றஹீமா. அந்தப் பெண் கருவியைத் துடைத்து, தன் மேசையிலிருந்த பட்டரியைப் போட்டாள். ஜெஸ்லா தலையைத் திருப்பினாள். "ஊத்தை பிடிச்சிருக்கும் உம்மா. இப்ப சரி," என்றாள் கிளினிக்குப் பெண். அந்தப் பட்டரி பன்னிரண்டு நாள் ஓடியது. துடைத்ததால்தான் ஓடியது என்று எல்லோரும் நம்பினார்கள். பிறகு வீட்டில் தினமும் துடைத்தார்கள். பலனில்லை.

றஹீமாவின் கணவன் இத்ரூஸ் உக்குவளையில் ரயில் பாதைக்குக் கீழே சரக்கு வியாபாரம் செய்தான். மிளகு, கராம்பு, சாதிக்காய், அதைச் சுற்றியிருக்கும் சிவப்புப் பூவான வசவாசி. கிராமத்தவர்கள் பச்சையாகக் கொண்டு வருவார்கள். வாங்கி, காய வைத்து, தரம் பிரித்து, மாத்தளைக்கு அனுப்புவான். வாங்குவதும் விற்பதும் இத்ரூஸின் வேலை. காய வைப்பது முழுக்க றஹீமாவின் கையில்.

காய வைப்பதில் ஒரே சட்டம்தான் உண்டு: கட்டி வந்தது எதையும் கட்டியபடி வைக்கக்கூடாது. சாக்கோ, பொலித்தீன் பையோ, வீட்டுக்குள் வந்த அந்த மணித்தியாலத்திலேயே வாயைத் திறந்து பரப்பிவிட வேண்டும். சரக்குக்குள் ஈரம் இருக்கும். மூடி வைத்தால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வியர்க்கும். இரண்டாம் நாள் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும். கலியாணம் முடித்து வந்த முதல் மழைக்காலத்தில் றஹீமா ஒரு பை வசவாசியைத் திறக்க மறந்துவிட்டாள். சிவப்புப் பூவாக வந்தது கறுத்த சேறாகப் போனது. மாமனார் அந்தப் பையை அவள் முன்னாலேயே ஆற்றில் கொட்டினார். அன்றிலிருந்து அவள் கை எந்தப் பொதியையும் மூடியபடி விட்டதில்லை. பிஸ்கட் பக்கட்டைக்கூட வந்ததும் உடைத்து டின்னில் போடுவாள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து கராம்பு பொறுக்க வரும் காத்தாயிக்கு இந்தப் பட்டரிப் பிரச்சினை நன்றாகத் தெரியும். சாக்கில் உட்கார்ந்து காம்பையும் பூவையும் பிரித்துக்கொண்டே ஆராய்ச்சி செய்வாள்.

"போலிச் சாமானா இருக்கும் மொதலாளி. மொளகுலயே பப்பாளி வெதயக் கலக்குறானுங்க, பட்டரியில கலக்க மாட்டானுங்களா?"

"பட்டரியில என்னத்தக் கலக்குற காத்தாயி?"

"அது எனக்கு எப்புடித் தெரியும்? நானா யாவாரி?"

"அத ஏன் என்னப் பாத்துச் செல்ற?"

"ஒங்களப் பாத்துச் சொல்லலங்க. நீங்க பக்கத்துல நின்னுட்டீங்க."

இத்ரூஸ் சிரித்தான். ஆனாலும் அடுத்த தடவை மாத்தளைக்குப் போனபோது ஒரு பெரிய மருந்துக் கடையில் வேறொரு கம்பனி அட்டை வாங்கி வந்தான். றஹீமா அதை வாங்கி உள்ளே கொண்டு போனாள். அதுவும் பன்னிரண்டு நாள், ஆறு நாள், மூன்று நாள் என்றே தேய்ந்தது.

அட்டையிலும் பழுதில்லை, கருவியிலும் பழுதில்லை என்றால் மிச்சமிருப்பது பிள்ளை மட்டும்தான். அப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஜெஸ்லா ஆறு வயதில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். முந்திய காலமாக இருந்தால் சேர்த்திருக்க மாட்டார்கள். குறைபாடுள்ள பிள்ளையும் கிட்டிய பள்ளிக்கூடத்தில், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அதிபர் அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்தார். வகுப்பாசிரியை நஸ்மியாவை மாத்தளையில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முன்வரிசையில் இருத்துங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள், படம் காட்டுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் அவள் அதையெல்லாம் உண்மையாகவே செய்தாள். தவணைக்கு ஒரு தடவை நிரப்பும் படிவமும் இருந்தது. "உதவிக் கருவி: உண்டு / இல்லை" என்று அதில் ஒரு கட்டம். நஸ்மியா ஒவ்வொரு தடவையும் "உண்டு" என்பதில் சரி போட்டாள். கருவி இருந்தது. பிள்ளை மாட்டிக்கொண்டும் வந்தது. இன்று அது வேலை செய்கிறதா என்று எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

அந்த மூன்று கிழமைகளில் ஜெஸ்லா நன்றாகவே இருப்பாள். பாட்டுப் படிப்பாள். ரயில் பாலத்தில் ஏறும் சத்தத்துக்கு ஜன்னலைப் பார்ப்பாள். பிறகு ஒரு நாள் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பார்த்தால் தலையை ஆட்டுவாள், சிரிப்பாள், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவாள்.

"ராத்தா, கோவிக்க வேணாம்," என்றாள் நஸ்மியா ஒரு நாள், பள்ளிக்கூடக் கேட்டடியில் நின்று. "போன மாசம் நான் மெதுவாச் செல்லியும் கேட்டிச்சு. இப்பக் கத்தினாலும் கேக்குதில்ல. அதுக்குக் கேக்கணும்ண்டு நெனச்சாத்தான் கேக்குது போல."

"நடிக்குதுண்டா செல்ற?"

"நடிக்குதுண்டு செல்லல்ல. பஞ்சிப்படுது, சோம்பல்தான்."

றஹீமா அன்று வீட்டுக்கு வந்து மகளை அடித்தாள். ஒரே ஓர் அடி, கையில். ஜெஸ்லா அழவில்லை. தலையை ஆட்டினாள்.

மூன்றாம் வகுப்பு நடந்துகொண்டிருந்த ஓகஸ்ட் மாதத்தில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கிஷாந்த் சேர் வீட்டுக்கு வந்தார். விசேட கல்விக்குப் பொறுப்பானவர். மனிதர் நல்லவர். மழைக் கோட்டைக் கழற்றி வெளியே தொங்கவிட்டு, ஜெஸ்லாவோடு அரை மணித்தியாலம் கீழே உட்கார்ந்து விளையாடினார். அவளுக்குப் பின்னால் நின்று கை தட்டினார். மேசையில் தட்டினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கட்டை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"பட்டரி இருக்காம்மா?"

"புது பட்டரி சேர். இன்டைக்குக் காலையிலதான் போட்ட," என்றாள் றஹீமா. அது அட்டையின் ஐந்தாவது பட்டரி.

அவர் எழுந்து றஹீமாவின் பக்கம் திரும்பினார். "பாருங்கம்மா, நான் பிள்ளைய வெளிய அனுப்புற ஆளில்ல. உள்ள எடுக்கச் சொல்றதுதான் என் வேலையே. ஆனா ரெண்டரை வருஷமா பிள்ளைக்கு எழுத்தும் இல்ல, பேச்சும் இல்ல. கருவியாலயும் பிரயோசனம் இல்ல. கை பாஷை படிச்சுக் குடுக்குற விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்னு இருக்கு. ஜனவரிக்கு ஒரு இடம் கேட்டுப் பாக்குறேன்."

"தூரமா சேர்?" என்றான் இத்ரூஸ்.

"தூரந்தான். தவணை லீவுக்கு வரலாம்."

"பாடம் தமிழ்லயா?"

"சிங்களம். ஆனா கை பாஷைதானே மொதல்ல."

உம்மா வாப்பா பேசுவதையே சரியாகக் கேட்டிராத பிள்ளைக்கு எந்தப் பாஷையாக இருந்தால் என்ன என்று இத்ரூஸ் நினைத்திருக்க வேண்டும். விடுதியில் இடம் கேட்கும் கடிதத்தில் முதலில் அவன் கையெழுத்து வைத்தான். றஹீமா பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். எட்டு வயதுப் பிள்ளை. தலை பின்னிவிட யார் இருப்பார்கள் என்று கேட்டாள். அவர்களே பின்னிக்கொள்வார்கள் என்றார் கிஷாந்த் சேர். அவளும் கையெழுத்திட்டாள்.

ஒக்டோபர் தொடக்கத்தில் அடுத்த அட்டை கிடைத்தது. அதை வாங்கி வந்த அன்று பின்னேரமே நாலந்தாவிலிருந்து ஃபோன் வந்தது. றஹீமாவின் தங்கச்சி நிப்லாவுக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை கிடைத்துவிட்டது. தாயில்லாத தங்கச்சி. றஹீமா அட்டையை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, இரண்டு உடுப்போடு பஸ் ஏறினாள். ஐந்து கிழமை அங்கேயே இருந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது நல்ல மழை. முற்றத்தில் ஒன்றும் காயவில்லை. சாதிக்காயெல்லாம் அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் ஏறியிருந்தது. விடிந்ததும் குசினியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் மா. பழக்கத்தில், திரும்பிப் பார்க்காமலே வாய் சொல்லியது.

"ஜெஸ்லா, அந்த உப்புப் போத்தல எடுத்துட்டு வாங்க மகள்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று நினைவு வந்தது. அதற்குள் உப்புப் போத்தல் பக்கத்தில் வந்து நின்றது.

றஹீமா கையைக்கூடக் கழுவவில்லை. முன்னறைக்குப் போனாள். இத்ரூஸ் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். காத்தாயி நனைந்த குடையை உதறிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"எப்ப அட்ட வாங்கின? நான் போக முந்தியதானே?"

"ஓ. நீங்க வெச்சிட்டுப் போனதுதான்."

"முப்பத்தாறு நாள். முப்பத்தாறு நாளாவா புள்ளைக்குக் கேக்குது?"

"கேக்குதே தங்கச்சி," என்றாள் காத்தாயி. "ஒரு மாசமா நான் பேசுறதெல்லாம் வெளங்கிக்கிட்டு இருக்கு. மொதலாளியப் பத்தி ஒன்னு பேச முடியல்ல, போயி சொல்லிருது."

"நான் ரெண்டு தரம் மாத்தின," என்றான் இத்ரூஸ். "கடைசியா போன வெள்ளி. நாலந்தாவுல ஓதிப்பாத்தீங்களோண்டு நெனச்சேன்."

றஹீமா அலுமாரியைத் திறந்து அட்டையை எடுத்தாள். மூன்று குழி காலி. மூன்றில் பட்டரி இருந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் நீல ஸ்டிக்கர். அவள் விரல் தானாகவே ஒன்றின் வாலைப் பிடித்து இழுத்தது. அது பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. அடுத்ததன் வாலையும் பிடித்தாள். அப்படியே நின்றாள்.

"நீங்க ஏன் இத உரிக்கல்ல?"

"எத?"

"இந்த ஸ்டிக்கர."

"போடுறதத்தான் உரிச்சேன். மத்தத ஏன் உரிக்க?"

"நான் வந்த உடனே ஆறையும் உரிப்பேனே. உரிச்சு, தொடச்சு, ஒரு வெயில் காட்டி, போத்தல்ல போட்டு, வாய்க்குத் துணி கட்டி அடுப்புப் பலகையில வெப்பேனே."

இத்ரூஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "அதுக்கு ஸ்டிக்கர் ஒன்னு ஈக்குதுண்டே முந்தி எனக்குத் தெரியாது. நீங்க போத்தலுக்குள்ள வெச்சததான் நான் கண்டது."

அன்று ஞாயிற்றுக்கிழமை. மழையிலேயே நஸ்மியா வீட்டுக்கு நடந்தார்கள். கிளினிக்குப் பெண்ணின் நம்பர் நஸ்மியாவிடம் இருந்தது. ஃபோனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டாள். றஹீமா நடந்ததைச் சொன்னாள்.

மறுபக்கத்திலிருந்து கிளினிக்குப் பெண் கேட்டாள்.

"எல்லாத்தையுமா உரிச்சீங்க?"

"எல்லாத்தையும்."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஓ, ஒவ்வொரு தடவையும்."

"அல்லாஹ்வே," என்றாள் அந்தப் பெண். "நாங்க செல்லியிருக்கணும் உம்மா. எல்லாருக்கும் தெரியும்ண்டு நெனச்சிட்டோம்."

பிறகு அவள் விளக்கினாள். மணிக்கூட்டுப் பட்டரி போல அல்ல இது. இதன் முதுகில் ஊசி முனையளவு ஓட்டைகள் உண்டு. ஸ்டிக்கர் அந்த ஓட்டைகளை மூடியிருக்கிறது. உரித்ததும் காற்று உள்ளே போகும். உள்ளே துத்தநாகத் தூள் ஈரப்பசையோடு இருக்கிறது. காற்று அதோடு சேரும்போதுதான் மின்சாரம் பிறக்கும். ஒரு தடவை திறந்தால் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அதன் நாட்கள் ஓடத் தொடங்கிவிடும். உள்ளிருக்கும் ஈரம் ஓட்டை வழியே காய்ந்து போகும். வெயிலும் அடுப்புச் சூடும் அதை இன்னும் சீக்கிரம் காய வைத்துவிடும். புகையும் ஆகாது.

மிளகிலிருந்து ஈரத்தை வெளியே எடுக்கும் அதே வழியால், றஹீமா இரண்டரை வருடமாகப் பட்டரியிலிருந்தும் ஈரத்தை எடுத்திருக்கிறாள். நன்றாகவே எடுத்திருக்கிறாள். கை தேர்ந்தவள்.

ஃபோனை வைத்த பிறகு நஸ்மியா படிவக் கோப்பை எடுத்து வந்தாள். ஒரு தாளைத் திருப்பி றஹீமாவிடம் காட்டினாள். "மாணவி விரும்பினால் மட்டும் செவிமடுக்கிறாள். ஒத்துழைப்புப் போதாது." அவளுடைய வடிவான கையெழுத்து.

"இத வெச்சுத்தான் ராத்தா சேர் வந்த. என்ட எழுத்த நம்பித்தான் வந்த." அவள் தாளைக் கீழே வைத்தாள். "ஒரு நாளாச்சும் அத வாங்கி என்ட காதுல வெச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு நிமிஷ வேல."

"நீ மட்டுமா," என்றாள் றஹீமா. "நான் அடிச்சேன்."

வீட்டுக்கு வந்து றஹீமா மகளைப் பக்கத்தில் இருத்தி, அட்டையைக் காட்டி மெதுவாகச் சொன்னாள். பட்டரி செத்துப் போனது. உம்மாதான் பிழை. உம்மாவுக்குத் தெரியாது. ஜெஸ்லா ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும்.

"நான் கொழப்படி செஞ்சா... சத்தம் போயிரும். அப்படித்தான் நான் நெனச்சேன்."

"என்ன மகள்?"

"சத்தம் போகும். நான் நல்ல புள்ளயா இருப்பேன். நெறைய நாள் இருப்பேன். அப்ப திரும்பி வரும்." கொஞ்சம் யோசித்தாள். "சேர் வந்த அன்டைக்கு நான் ஒன்னும் செய்யல்ல உம்மா. ஒன்னுமே செய்யல்ல."

இத்ரூஸ் எழுந்து சரக்கறைக்குப் போனான். அங்கே செய்வதற்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிஷாந்த் சேர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இந்தத் தடவை ஜெஸ்லாவுக்குப் பின்னால் நின்று அவர் கை தட்டவில்லை. மெதுவாக, "ஜெஸ்லா," என்றார். அவள் திரும்பினாள். அவர் தன் தலைக்கவசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடிதத்தத் திருப்பி வாங்கிரலாம்மா. அந்த இடம் தேவப்படுற பிள்ளை இன்னொன்னு இருக்கு. இவ இங்கயே படிக்கட்டும்."

"நாலாம் வகுப்புக்குப் போகலாமா சேர்?"

"எப்புடிம்மா? கேக்காத சொல்ல எப்புடி எழுதுவா? ரெண்டாம் வகுப்புல இருந்து திரும்பத் தொடங்குவோம். நஸ்மியா டீச்சர் ஜனவரியில ரெண்டாம் வகுப்புக்கு வாறேன்னு கேட்டிருக்காங்க."

"அவளோட படிச்ச சேத்தாளிமாரெல்லாம் நாலுக்குப் போகுமே."

"போகுந்தான்."

"அந்த ரெண்டரை வருஷம்?"

கிஷாந்த் சேர் பையைத் திறந்து மூடினார். "அதுக்கு ஒரு படிவமும் இல்லம்மா," என்றார்.

ஜனவரியில் ஜெஸ்லா இரண்டாம் வகுப்பு முன்வரிசையில், தன்னைவிட ஒரு தலை உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நஸ்மியா படிவத்தில் "உண்டு / இல்லை" என்பதற்குப் பக்கத்தில் பேனையால் கோடு இழுத்து இன்னொரு கட்டம் போட்டாள்: "இன்று வேலை செய்கிறதா?" கிளினிக்குப் பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை றஹீமா அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினாள். வீட்டில் றஹீமாவும் வகுப்பில் நஸ்மியாவும் ஒவ்வொரு நாளும் அதன்படியே செய்கிறார்கள். பட்டரிகள் ஸ்டிக்கரோடு அட்டையிலேயே இருக்கும். அடுப்புப் பக்கம் போகாது. ஓடுகிற பட்டரி தீர்ந்த பிறகுதான் அடுத்ததில் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். உரித்ததும் போடக்கூடாது, காற்றுப் போக ஐந்து நிமிடம் மேசையில் வைத்துவிட்டுப் போட வேண்டும். காலையில் பாடம் தொடங்க முன் கருவியை உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்த வேண்டும். கீச்சென்று கத்தினால் பட்டரி உயிரோடு இருக்கிறது, பிள்ளைக்கு மாட்டலாம். கத்தாவிட்டால் பிழை பட்டரியில். மாற்றிவிட்டுப் பாடத்தைத் தொடங்க வேண்டும்.